ஒரு ஸ்டூல் வந்து சேர எத்தனை வருடம்?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சென்னை தியாகராய நகரில் எந்தப் பெரிய ஜவுளிக்கடைக்குள் நுழைந்தாலும் பட்டுப் பிரிவில் ஒரே காட்சிதான். குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மேடைக்கு அந்தப் பக்கம் சீருடைப் புடவையில் ஒரு பெண் நிற்பார். அலமாரியிலிருந்து ஒரு புடவையை எடுப்பார், உதறி விரிப்பார், முந்தியை இழுத்துக் காட்டுவார், “பார்டர் பாருங்கக்கா” என்று தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். வேண்டாம் என்று தலையாட்டினால் அடுத்த புடவை. பத்துப் பதினைந்து குவிந்த பிறகு வந்தவர்கள் எழுந்து வேறு பிரிவுக்குப் போய்விடுவார்கள். அந்தக் குவியலை மடிப்புக் கலையாமல் மடித்து வைக்க வேண்டும். பாதி மடிப்பதற்குள் அடுத்த குடும்பம் வந்து உட்கார்ந்துவிடும்.

பண்டிகைக் கூட்டத்தில் நிற்பதைக்கூட ஒருவிதத்தில் புரிந்துகொள்ளலாம். புரியாதது, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணி. கடையில் ஆளே இல்லை. எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை, மடிக்கவும் ஒன்றும் இல்லை. அப்போதும் அவர் நின்றுகொண்டுதான் இருப்பார். தூணில் சாய்ந்தால் சூப்பர்வைசர் பார்ப்பார். சூப்பர்வைசர் பார்க்காவிட்டால் கேமரா பார்க்கும். ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி நிற்பதுதான் அவருக்குக் கிடைக்கும் ஓய்வு. சாயங்காலத்துக்குள் கணுக்கால் வீங்கும். சில வருடங்களில் முழங்காலுக்குக் கீழே நரம்பு நீலமாகச் சுருண்டு புடைக்கும். டாக்டரிடம் போனால் அவர் சொல்லும் முதல் வார்த்தை, “ரொம்ப நேரம் நிக்காதீங்கம்மா.”

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியத்துக்காகத்தான் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 1947ஆம் ஆண்டு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் ஊழியர்கள் அனைவருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். ஜவுளிக்கடை ஊழியர்களின் வாழ்க்கையை வசந்தபாலன் ‘அங்காடித் தெரு’ படத்தில் காட்டியது 2010இல். தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த தமிழ்நாடு, அவர்களுக்கு ஒரு ஸ்டூல் போட மேலும் பதினோரு வருடம் எடுத்துக்கொண்டது.

பெண்களுக்குச் சம வாய்ப்பு, சம மதிப்பு என்று மேடைகளில் எவ்வளவோ பேசப்படுகிறது. ஒவ்வொரு மார்ச் 8ஆம் தேதியும் அலுவலகங்களில் கேக் வெட்டுகிறார்கள், ரோஜாப் பூ கொடுக்கிறார்கள். பூ வாடிய பிறகு, மார்ச் 9ஆம் தேதி காலையில் அந்த வேலையிடத்தில் என்ன மாறியிருக்கிறது என்பதுதான் கேள்வி. ஸ்டூல் இருக்கிறதா, இல்லையா? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? புகார்க் குழுவில் யார் யார் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்களா? கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய காரியங்கள்தான் இதுவரை பெண்களின் வேலை நாளை மாற்றியிருக்கின்றன. இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட சில காரியங்களைப் பற்றியது.

மிட்டாய்த் தெருவில் தொடங்கியது

ஜவுளி வியாபாரத்தில் நிற்பது ஒன்றும் பரம்பரை வழக்கம் அல்ல. பழைய கடைகளில் தரையில் மெத்தை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வியாபாரம் நடந்தது. காஞ்சிபுரத்தில் இன்றும் அப்படிப்பட்ட பட்டுக்கடைகள் உண்டு. உட்கார்ந்தபடியே புடவை விரிக்கிறார்கள், விற்கிறார்கள். மரியாதை எதுவும் குறைந்துவிடவில்லை. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த பெரிய ஷோரூம்கள் வந்த பிறகுதான், நிற்கும் ஊழியர் சுறுசுறுப்பானவர், உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி என்று ஒரு கணக்கு வந்து ஒட்டிக்கொண்டது. குறைந்த சம்பளத்துக்குப் பெண்களை அதிகமாக வேலைக்கு எடுத்ததும் இதே கடைகள்தான்.

அந்தக் கணக்கை முதலில் உடைத்தவர்கள் கேரளப் பெண்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி இருக்கிறது. அங்கே தையல் வேலை செய்துகொண்டிருந்தவர் விஜி. அந்தத் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு முதல் பிரச்சினை நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. கட்டடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அதன் விளைவு என்ன என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லத் தேவையில்லை. நீர்க்கடுப்பு, தொற்று, மருந்துச் செலவு, சம்பளப் பிடித்தம். விஜியும் அவருடன் சேர்ந்த பெண்களும் ‘பெண்கூட்டு’ என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். இருக்கிற தொழிற்சங்கங்கள் இதையெல்லாம் சில்லறை விஷயமாக நினைத்தபோது, அமைப்புசாரா தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு சங்கத்தையே உருவாக்கினார்கள். உட்காருவதற்கான போராட்டம் என்று பொருள்படும் ‘இரிக்கல் சமரம்’ அங்கிருந்து கிளம்பியது. 2014 கடைசியில் திருச்சூரின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஆறு பெண்கள் கடைக்கு வெளியே உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. கடைக்குள் உட்காரக் கூடாது என்றவர்களுக்கு எதிராக, கடை வாசலில் உட்கார்ந்தார்கள்.

2018இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இடம் தருவதைக் கட்டாயமாக்கியது. அதே வருடம் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் இடம்பெற்றது. மூன்று வருடம் கழித்துத் தமிழ்நாடு அந்த வழியில் வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. பிரிட்டனில் 1899லேயே கடை ஊழியர்களுக்கு இருக்கை தரும் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஒரு இருக்கை என்று கணக்கு. பெண்களுக்கு மட்டும். தமிழ்நாட்டின் 22-ஏ பிரிவு ‘ஊழியர்கள் அனைவருக்கும்’ என்கிறது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து வாங்கிய உரிமையில் இன்று ஆண் ஊழியர்களும், வாசலில் கதவு திறந்துவிடும் வயதான செக்யூரிட்டியும் பங்குதாரர்கள். சமத்துவம் என்றாலே ஆண்களிடமிருந்து எதையோ பிடுங்குவது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பிரிவை எடுத்துப் படிக்க வேண்டும்.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கேட்க ஆள் இருந்தது. தமிழ்நாட்டுக் கடைத் தொழிலாளிக்கு அதே வசதி எழுத்தில் வர 73 வருடம் ஆனது.

எதை எண்ணுகிறோம்?

சட்டம் போட்டால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். எப்படிப் போடுகிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. குழந்தைகள் காப்பகம் ஒரு நல்ல உதாரணம்.

தொழிற்சாலைகள் சட்டத்தின் பழைய விதிப்படி, 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். ஆனால் முதலாளியின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். 30 பெண்களோடு நிறுத்திக்கொண்டால் காப்பகச் செலவு மிச்சம். அடுத்த பெண்ணை வேலைக்கு எடுத்தால் ஒரு அறை, தொட்டில், ஆயா, பால் எல்லாம் வேண்டும். பெண்ணுக்காகப் போட்ட விதி, பெண்ணை எடுக்காமல் இருக்க ஒரு காரணத்தையும் கையில் கொடுத்துவிட்டது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கணக்கை மாற்றினார்கள். ஆணோ பெண்ணோ, 50 பேர் வேலை பார்த்தால் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம். குழந்தை தாயின் தனிப்பட்ட சுமை என்ற எண்ணத்தைச் சட்டம் ‘50 பேர்’ என்ற அந்த ஒரு வரியில் விட்டுவிட்டது. எண்ணும் முறையை மாற்றியதுதான் அந்தத் திருத்தத்தின் மிகப் பெரிய நன்மை என்று சொல்ல வேண்டும்.

அதே திருத்தம்தான் முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே சம்பளம் வாங்கும் பெண்களுக்கு அந்த 26 வாரச் சம்பளத்தை முழுவதும் நிறுவனமே கொடுக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குக் காப்பீட்டு நிதி கொடுக்கிறது. சின்ன நிறுவனம் நடத்துபவர் கல்யாணமான பெண்ணை நேர்காணலுக்குக் கூப்பிடும்போது எதை மனதுக்குள் கணக்குப் போடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். செலவைச் சமூகம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடுதான் இதற்கு வழி. ஈ.எஸ்.ஐ. முறை அதற்கு நம் கண்ணெதிரே இருக்கும் உதாரணம்.

சம்பளத்திலும் இதே எண்ணிக்கைப் பிரச்சினை வேறு உருவத்தில் வருகிறது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்தாகிவிட்டது. அதனால் என்ன செய்கிறார்கள்? வேலையின் பெயரை மாற்றிவிடுகிறார்கள். கட்டட வேலையில் சித்தாளாகச் சேரும் பையன், கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு சில வருடங்களில் கொத்தனார் ஆகிவிடுகிறான். அவனோடு அதே நாளில் சேர்ந்த பெண் இருபது வருடம் கலவைச் சட்டி சுமந்த பிறகும் சித்தாள்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர் என்றால் ஆண் முகம்தான் நினைவுக்கு வரும். கைமடி, செக்கிங் என்றால் பெண்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு வேலை என்று பதில் வரும். இந்த இடத்தில் கூலி உயர்வு கேட்பதைவிட, பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுப்பதுதான் பெரிய மாற்றம்.

ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் தாங்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகச் சம்பளம் தருவதை நிரூபித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டது. தனக்குக் குறைவு என்று நிரூபிக்கும் சுமை அதுவரை பெண்ணின் தலையில் இருந்தது. அது முதலாளியின் மேசைக்கு மாறியது.

திண்டுக்கல்லில் ஒரு ஒப்பந்தம்

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 100க்கு ஏறக்குறைய 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாம் பெருமைப்படும் எண்ணிக்கை இது. பெருமையோடு பொறுப்பும் வருகிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம். அது அழுதுவிட்டுக் கலைந்துவிடவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியது. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகத் தொழிலாளர் அமைப்புகள் இன்று அதைப் பேசுகின்றன.

என்ன செய்தது அந்த ஒப்பந்தம்? தையல் லைன்களில் வேலை பார்க்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கெட்ட வார்த்தையில் திட்டுவது, தொட்டுப் பேசுவது, டார்கெட் முடியவில்லை என்று பாத்ரூமுக்கு விடாமல் தடுப்பது, இவையெல்லாம் நடந்த அன்றே பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் சொல்லலாம். அவர் அதை நிர்வாகத்திடம் கொண்டுபோவார். நிர்வாகம் கண்டுகொள்ளாவிட்டால் துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனம் தலையிட வேண்டும். வியாபாரத்தைக் குறைப்பது வரை போகலாம். ஹெச் அண்ட் எம், பின்னர் கேப், பிவிஹெச் ஆகிய நிறுவனங்கள் இதற்குக் கையெழுத்திட்டன. முதல் வருடத்தில் 185 புகார்கள் வந்தன. ஏறக்குறைய அனைத்தும் தீர்க்கப்பட்டன.

புகார்கள் இத்தனை வந்தது ஆலைக்குக் கெட்ட பெயர் என்று சிலர் நினைக்கலாம். உண்மை நேர்மாறானது. ஒரு புகாரும் வராத இடத்தில்தான் பயம் குடியிருக்கிறது. அந்த ஆலைக்கே இதனால் லாபமும் கிடைத்தது. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அங்கு தைத்த ஆடைகளை நாட்டுக்குள் விட மறுத்தது. செப்டம்பரில் தடையை நீக்கியபோது, ஒப்பந்தத்தின் வழியாக நடந்த சீர்திருத்தங்களும் அதற்குக் காரணமாக இருந்தன. பெண்களைப் பாதுகாப்பது செலவு என்று சொல்லும் முதலாளிகள் இந்தக் கதையைத் தங்கள் கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஆடை ஆலைக்கு வெளியே, மற்ற இடங்களில் நிலைமை என்ன? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் நெறிமுறைகள் வகுத்தது 1997இல். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன ஒரு கிராமப் பெண் பணியாளர் மீது நடந்த கொடுமைதான் அந்த வழக்குக்கு வேர். அது சட்டமாக வந்தது 2013இல். பத்துப் பேர் வேலை பார்க்கும் எந்த இடமானாலும் உள் புகார்க் குழு வேண்டும். மூத்த பெண் ஊழியர் தலைமை வகிக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால், அல்லது வீட்டு வேலை செய்பவர் என்றால், மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். இத்தனையும் எழுத்தில் இருக்கிறது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவதில் பெரிய ஓட்டைகள் இருப்பதாக 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம்தான். எத்தனை அலுவலகச் சுவர்களில் அது தமிழில் இருக்கிறது என்று இதைப் படிப்பவர்கள் நாளைக்கே பார்க்கலாம்.

வேலைக்குப் போய்ச் சேரும் வழி

வேலையிடத்துச் சமத்துவம் வேலையிடத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஊரார் கேலி பேசினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் மிதித்துப் பழகிவிட்டார்கள். களத்து மேட்டுக்கும் குவாரிக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர முடிந்தது.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டு வேலைக்கோ சின்னக் கடைக்கோ போகும் பெண்ணுக்கு அது பெரிய தொகை. பணத்தைவிட முக்கியம், வீட்டில் பஸ் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை. கொஞ்சம் தூரமாக இருந்தாலும் நல்ல சம்பளம் தரும் இடத்துக்குப் போகலாம்.

இரவு வேலையிலும் இதே பாடம்தான். தொழிற்சாலைகளில் இரவு 7 மணிக்கு மேல் பெண்கள் வேலை பார்க்கக் கூடாது என்று பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பழைய சட்டம் தடுத்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. அதோடு நிறுத்தாமல், குழுவாக வேலை, போக்குவரத்து, கழிப்பறை, ஓய்வறை என்று நிர்வாகம் செய்ய வேண்டியவற்றையும் வரிசைப்படுத்தியது. வழி பாதுகாப்பாக இல்லை என்றால் வழியைச் சரிசெய் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. இன்றும் பல நிறுவனங்கள் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவளுக்காகத்தான் அப்படிச் செய்ததாகச் சொல்கின்றன.

மறுபடியும் ஜவுளிக்கடைக்கு வருவோம். பல கடைகளில் இப்போது மேடைக்குக் கீழே ஸ்டூல் இருக்கிறது. சில கடைகளில் அதன் மேல் அட்டைப் பெட்டி ஏறி உட்கார்ந்திருக்கிறது. தொழிலாளர் துறை ஆய்வாளர் வரும்போது இறங்கிவிடும். ஆய்வாளர் எல்லாக் கடைக்கும் தினமும் வர முடியாது. வாடிக்கையாளர்கள் தினமும் வருகிறார்கள்.

ஆகவே இந்த வேண்டுகோள் அவர்களுக்கு. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது மேடைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாருங்கள். ஸ்டூல் இல்லையென்றால், பில் போடும் இடத்தில் 22-ஏ பிரிவைச் சொல்லி ஏன் இல்லை என்று கேளுங்கள். ஸ்டூல் இருந்தும் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தால், சூப்பர்வைசர் காதில் விழும்படி அவரிடம் சொல்லுங்கள்: “உட்கார்ந்தே எடுத்துக் காட்டும்மா, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”